ஓடாவி எங்கே?

தோணி கட்டுவோனையும் அதன் பழுது பார்ப்போனையும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் ‘ஓடாவி’ என்று அழைப்பது வழக்கம். புதுத் தோணி கட்டுவதினும் பழந் தோணியின் பழுதைக் கண்டு நீக்குவது கடினம். அதற்குத் தேர்ந்த ஓடாவி கிடைப்பது இப்பொழுது அரிதாகி வருகிறது.

அவன் செய்வது வெறும் தச்சு வேலையன்று. மரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே உள்ளே உளுத்திருப்பதை அறிவான். கடற்புழு துளைத்த பலகை எது, துருவேறிய ஆணி எது என்று கண்டுகொள்வான். பின்பு பலகைகளின் இடுக்கில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை உளி வைத்து அடிப்பான். இதற்குக் கலப்பற்று என்று பெயர். தளர அடித்தால் நீர் கசியும்; மிஞ்சி இறுக்கினால், பலகை நீரில் ஊறிப் பருக்கும்போது ஆணிகள் நெகிழும். மேலே பூசி முடித்துவிட்டாலோ, நல்ல வேலையும் பொய் வேலையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். வித்தியாசத்தை நடுக்கடலில் மாலுமிகளே அறிவர். ஆகையால் இத்தொழிலுக்குக் கைத்திறனோடு நாணயமும் வேண்டும்.

இந்த வித்தையின் பெருமை சிறிதன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். அது அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி, 1938-ஆம் ஆண்டில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கிளாஸ்டர் துறையை அடைந்தது. அதைச் செலுத்திச் சென்றவர்களில் அவ்வூர் மாலுமிகளும் இருந்தனர்.

அத்தகைய திறமை குன்றக் காரணம் யாது? இரும்புக் கலங்கள் வந்தன; 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் நம் கரைகளில் பெருகின. அவற்றிற்கும் பழுது உண்டு. ஈரம் உலராத உடைப்பின்மேல் பிசினைப் பூசினால் ஒட்டு நில்லாது பெயர்ந்துவிடும். எந்தக் கலமாயினும் பொறுமையற்ற கை ஆபத்தே. ஆயினும் வருஷக்கணக்கில் பழக வேண்டிய இத்தொழிலில் கூலி நிச்சயமில்லை. மரியாதையோ அதனினும் குறைவு.

1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதை நம் பிள்ளைகள் பரீட்சையில் எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். அதே பிள்ளை உளியும் சுத்தியலும் எடுப்பேன் என்றால் நாம் திடுக்கிடுகிறோம். பிறகு, நல்ல ஓடாவி அகப்படவில்லை என்று துறையில் முறையிட்டுப் பயன் என்ன? ஆலைகளில் தொழில் பழகுவோருக்கு உதவித்தொகை அளிக்க 1961-இலேயே சட்டம் செய்தோம். மூத்த ஓடாவியின் அருகில் நின்று பழகும் இளைஞனுக்கும் அத்தகைய உதவி கிட்டச் செய்தல் வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்களின் உயிர், பலகையிடுக்கில் அடித்த பஞ்சை நம்பியிருக்கிறது. அதை அடிக்கும் கைக்குத் தக்க கூலியும் மதிப்பும் அளிப்போமாக.