டேங்க் காலி... முள் மட்டும் பாதியில்! மலைப்பாதையில் ஏமாற்றும் டீசல் மீட்டர்

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை என்று நீளும் மேல்மலை ஊர்களுக்கு ஜீப்தான் கை, கால் எல்லாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு மூட்டை அதில்தான் இறங்கும். மளிகைச் சாமான் அதில்தான் ஏறும். நடுராத்திரியில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் பல நேரம் அதே ஜீப்தான்.

அப்படி ஒரு ராத்திரியில், பனிமூட்டத்துக்கு நடுவே வண்டி இருமி இருமி நின்றுவிட்டால்? "மீட்டர்ல பாதி காட்டுச்சே!" என்று டிரைவர் தலையில் கை வைப்பார். டேங்க்கைத் திறந்தால் உள்ளே ஈரம்கூட இருக்காது.

பழைய வண்டிகளில் இது நடப்பதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. கெட்டுப்போன டேங்க் யூனிட்டுக்குப் பதிலாக, கடையில் கிடைத்த வேறொன்றை மாட்டியிருப்பார்கள். புது சாமானிலும் பழுது இல்லை, மீட்டரிலும் பழுது இல்லை. இரண்டுக்கும் ஜோடிப் பொருத்தம்தான் இல்லை.

மிதவை அனுப்பும் சேதி

டேங்க்குக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, கம்பியின் மறுமுனை உரசிச் செல்லும் மின்தடைப் பட்டை. டேங்க் யூனிட் என்பது இவ்வளவுதான். எண்ணெய் ஏற இறங்க மிதவை அசையும், மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் டேஷ்போர்டு முள் 'பாதி', 'கால்' என்று காட்டுகிறது.

மின்தடையை அளக்கும் கணக்கு ஓம். எத்தனை ஓம் என்றால் ஃபுல், எத்தனை என்றால் காலி என்பதில்தான் சிக்கல். உலகம் முழுக்க ஒரே கணக்கு இல்லை. பழைய அமெரிக்க வண்டிகளில் பரவலான ஒரு வகையில் காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90. ஐரோப்பிய வகை ஒன்றில் காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. இன்னொரு வகை தலைகீழ்: காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33.

0-90 மீட்டர் உள்ள வண்டியில் 10-180 யூனிட்டை மாட்டினால், டேங்க் பாதி இருக்கும்போதே சுமார் 95 ஓம் போகும், முள் 'ஃபுல்' என்று சொல்லும். கால் டேங்க்கில் முள் பாதிக்கு மேலே நிற்கும். முழுக்கக் காலியான பிறகும் முள் காலிக் கோட்டுக்குச் சற்று மேலேயே தங்கிவிடும். அதே மீட்டரில் 240-33 யூனிட்டை மாட்டினால் இன்னும் வேடிக்கை. டேங்க் காலியாக ஆக, முள் ஃபுல்லை நோக்கி ஏறும்!

மலையில் இது விளையாட்டில்லை

சமவெளியில் எண்ணெய் தீர்ந்தால் ஓரம் கட்டி, கேன் எடுத்துக்கொண்டு நடக்கலாம். சுமார் 7,000 அடி உயரத்திலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் நின்றால், நிலைமை வேறு. பூஸ்டர் உள்ள பிரேக் ஓரிரு மிதிக்குப் பிறகு கல்லாக இறுகும். பவர் ஸ்டீயரிங் என்றால் அதுவும் கனக்கும். டீசல் வண்டியில் இன்னொரு தொல்லை: லைனில் காற்று புகுந்துவிட்டால், எண்ணெய் ஊற்றிய பிறகும் பல வண்டிகளில் காற்றை வெளியேற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும்.

மாற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மீட்டரைச் சோதிக்க வேண்டும். டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு சாவியைப் போட்டால் முள் ஒரு ஓரத்துக்குப் போகும். அந்த ஒயரை ஒரு கணம் எர்த்தில் தொட்டால் மறு ஓரத்துக்குப் போகும். இரண்டும் நடந்தால் மீட்டர் நலம். எர்த் செய்யும்போது காலி காட்டினால் அது 0-90 போன்ற நேர் வகை, ஃபுல் காட்டினால் தலைகீழ் வகை. இந்தச் சோதனை பழைய வண்டிகளுக்கு மட்டும். பொறி பறக்கலாம் என்பதால் திறந்த டேங்க் பக்கத்தில் செய்யக்கூடாது. எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

அடுத்து, பழைய யூனிட்டைத் தூக்கி எறியாமல் மல்டிமீட்டர் வைத்து, மிதவை அடியில் இருக்கும்போதும் உச்சியில் இருக்கும்போதும் எத்தனை ஓம் என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அது முழுக்கச் செத்திருந்தால், யூனிட்டுக்குப் பதில் தெரிந்த அளவு ரெசிஸ்டர்களை ஒயரில் இணைத்து, எந்த ஓமில் முள் காலி, பாதி, ஃபுல் என்று பார்க்கலாம்.

கடையில் வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஓம் அளவு, டேங்க்கின் ஆழம், கம்பியின் நீளம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கம்பி குட்டையாக இருந்தால் மிதவை அடியைத் தொடாது. கோயம்புத்தூரின் பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் மீட்டரையும் எண்ணெய் அளவு உணரியையும் வண்டிக்கேற்பத் தயாரிப்பது இதற்காகத்தான்.

"ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வதுண்டு. அரை உண்மை. 180 ஓமுக்குப் பக்கவாட்டில் இன்னொரு 180 இணைத்தால் ஃபுல்லில் 90 வந்துவிடும். ஆனால் பாதி டேங்க்கில் 62 ஓம், முள் முக்கால் அருகே நிற்கும். காலியிலும் முழுதாக இறங்காது. ஒரு முனையைச் சரிசெய்தால் நடுவில் பொய் சொல்லும்.

புது யூனிட்டை டேங்க்கில் இறக்கும் முன், ஒயரையும் எர்த்தையும் இணைத்து மிதவையைக் கையால் உயர்த்திப் பார்க்க வேண்டும். முள் கூடவே அசைந்தால்தான் போல்ட் முடுக்கலாம்.

கடைசியாக ஒரு பழக்கம். ஏற்றத்தில் எண்ணெய் டேங்க்கின் ஒரு பக்கம் சாயும், முள்ளும் சாயும். அதனால் சமதளத்தில் நிறுத்தித்தான் மீட்டரைப் பார்க்க வேண்டும். காலி டேங்க்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடத்தை ஒரு அட்டையில் குறித்து டேஷ்போர்டில் ஒட்டிவிட்டால், யார் ஓட்டினாலும் கணக்கு தெரியும்.

அரை மணி நேர வேலைதான். ஆனால் நள்ளிரவில் மன்னவனூரிலிருந்து கிளம்பும் ஜீப்புக்கு, உள்ளே வலியோடு உட்கார்ந்திருப்பவருக்கு, அந்த முள் மெய் சொல்லியே ஆக வேண்டும்.