வலைக்குக் கீழே நின்று வென்ற வெண்கலம்

பேட்மிண்டன் கோர்ட்டின் குறுக்கே கட்டப்படும் வலை, இரு ஓரத்துக் கம்பங்களில் 1.55 மீட்டர் உயரமும், மத்தியில் 1.524 மீட்டர், அதாவது ஐந்தடி உயரமும் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. பாராலிம்பிக் பந்தயங்களில் ‘எஸ்.ஹெச்.6’ என்று வழங்கும் பிரிவில் ஆட வரும் பெண்கள் 137 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட உயரம் உடையவர்களாய் இருக்கலாகாது என்பது மற்றொரு விதி. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அப்பிரிவில் ஆடும் மிக உயரமான பெண்ணுக்கும் வலையின் விளிம்பு உச்சந்தலைக்கு அரையடி மேலேதான் நிற்கிறது என்பது விளங்கும். அவர்களுக்காக வலையைத் தாழ்த்துவதுமில்லை, கோர்ட்டைச் சுருக்குவதுமில்லை. அந்த வலைக்குப் பின்னால் நின்றுதான், 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி, பாரிஸ் நகரத்தில், ஓசூரைச் சேர்ந்த பத்தொன்பது வயது நித்யஸ்ரீ சிவன், இந்தோனேசியாவின் ரினா மார்லினாவை 21-14, 21-6 என்ற கணக்கில் வென்று, ஒற்றையர் ஆட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

ராகிக் காடுகளும் யானைக் காடுமாக விரிந்து கிடக்கும் எங்கள் ஜவளகிரியிலிருந்து ஓசூர் தூரதேசமன்று. இங்குள்ள வாலிபர்களில் எத்தனையோ பேர் ஷிப்டு வேலைக்குப் பஸ் ஏறிப் போகும் ஊர் அது. ஆயினும் அந்தப் பதக்கத்தின் தன்மை என்ன, அது எந்தப் போட்டியில் கிடைத்தது, ‘பெரிய’ ஒலிம்பிக்கிற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே, விடையும் சற்று விஸ்தாரமாகச் சொல்லத் தக்கது.

இரண்டாம் உலக யுத்தத்தில் முதுகுத்தண்டு முறிந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்துவந்த லுட்விக் குட்மன் என்ற டாக்டர், 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே தினத்தில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தம் நோயாளிகளுக்கு நடத்திய பந்தயமே பாராலிம்பிக்கின் ஆதி. 1960-இல் ரோமாபுரியில், பல தேசங்கள் கலந்துகொள்ள, அது முதல் பாராலிம்பிக் விழாவாயிற்று. 1988-இல் ஸியோலில் தொடங்கி, ஒலிம்பிக் நடக்கும் நகரத்திலேயே அதைத் தொடர்ந்து நடந்துவருகிறது.

இதில் பலருக்கும் மயக்கம் தருவது பிரிவுகளின் ஏற்பாடு. சரீரக் குறை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாய் இருக்க, எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டால், ஜெயிப்பது திறமையா குறையின் அளவா என்று தெரியாமற் போய்விடும். ஆகவே ஆட்டக்காரரின் அங்கங்களை அளந்தும், வைத்தியச் சான்றுகளைப் பரிசீலித்தும், அவர் ஆடும்போது கூர்ந்து கவனித்தும், இன்ன பிரிவு என்று நிபுணர்கள் தீர்மானிக்கிறார்கள். பேட்மிண்டனில் சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கு இரண்டு, காலில் குறை உள்ளோருக்கு இரண்டு, கையில் குறை உள்ளோருக்கு ஒன்று, வளர்ச்சி குன்றியோருக்கு ஒன்று என ஆறு பிரிவுகள் உண்டு. சில பிரிவுகளில் ஒற்றையர் ஆட்டம் பாதி கோர்ட்டில் நடக்கும். வளர்ச்சி குன்றியோருக்கான எஸ்.ஹெச்.6 பிரிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. முழுக் கோர்ட்டையும் ஓடித்தான் தீரவேண்டும்.

ஓடுவது என்றால் எப்படிப்பட்ட ஓட்டம் என்பதை ஒரு கணம் எண்ணிப்பாருங்கள். பதின்மூன்று மீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள கோர்ட்டில் ஒரு பாதி இப்பிரிவில் ஆடுபவருடையது. எதிராளி பந்தைத் தலைக்கு மேலாகப் பின்மூலைக்குத் தூக்கிவிட்டால், நெட்டையான ஆட்டக்காரி இரண்டே எட்டில் எட்டிவிடும் தூரத்தை இவர் பல எட்டுகள் வைத்துக் கடந்து, அடித்துவிட்டு, மறுபடி நடுவுக்கு ஓடிவந்து நின்றாக வேண்டும். ஸ்மாஷ் அடிப்பதிலும் அதே சங்கடம்: உயரத்திலிருந்து செங்குத்தாய் இறக்கும் அடி இவர்களுக்கு அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை. எனவே பலத்தைக் காட்டிலும், பந்தை எங்கே வைப்பது, எப்பொழுது மெதுவாய் வலையோரம் நழுவவிடுவது என்ற யுக்தியே இங்கே பிரதானம். 21-6 என்று முடிந்த அந்த இரண்டாம் செட்டை இந்த ஞாபகத்தோடு வாசித்தால்தான் அதன் அருமை புலப்படும். அதற்கு முன்னர், கலப்பு இரட்டையர் வெண்கலத்துக்கான ஆட்டத்தில், சிவராஜன் சோலைமலையோடு ஜோடி சேர்ந்து ஆடிய நித்யஸ்ரீ, அதே ரினா மார்லினாவின் ஜோடியிடம் தோற்றிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. பாராலிம்பிக்கில் பேட்மிண்டன் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான். அப்போது எஸ்.ஹெச்.6 பிரிவில் ஆடவர் ஒற்றையர் மட்டுமே இருந்தது. ஜெய்ப்பூரின் கிருஷ்ணா நாகர் அதில் தங்கம் வென்றார். பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது பாரிஸில்தான். திறந்த முதல் தடவையிலேயே நம் மாவட்டத்துப் பெண் ஒருத்தி உள்ளே நுழைந்து பதக்கத்தோடு திரும்பியிருக்கிறாள்! 2016 ரியோ ஒலிம்பிக்கைப் பார்த்து இந்த ஆட்டத்தில் மோகம் கொண்டு, ஓசூரிலேயே பழகத் தொடங்கி, பின்னர் லக்னோவில் கௌரவ் கன்னாவிடம் பயிற்சி பெற்று, ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டிலும் வெண்கலம் கண்ட பிறகு கிடைத்த பலன் இது.

இத்தகைய வெற்றியை ஒரு தேசம் எவ்விதம் மதிக்கவேண்டும் என்பதற்குப் பின்லாந்தைப் பார்க்கலாம். ஒன்பது ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற பாவோ நூர்மியின் நாடு அது. ஆனால் ஜனத்தொகை சுமார் 55 லட்சந்தான், அதாவது 2011 கணக்குப்படி 18.8 லட்சம் பேருள்ள நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு. பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறையுடைய லியோ-பெக்கா தாஹ்தி என்பவர், சக்கர நாற்காலி 100 மீட்டர் பந்தயத்தில், 2004 முதல் 2016 வரை அடுத்தடுத்து நான்கு பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார். 2016-ஆம் ஆண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் யார் என்று பின்லாந்து தேர்ந்தெடுத்தபோது, தனி ஜாபிதா ஒன்று போடாமல், எல்லா வீரர்களிடையேயும் அவரையே முதல் ஸ்தானத்தில் வைத்தது. அதுவே முறை என்பது என் அபிப்பிராயம்.

நாமும் அவ்வழியில் வாராமல் இல்லை. அதே 2016-இல், ரியோ பாராலிம்பிக்கில், உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவுக்குப் பின்னாளில் கேல் ரத்னா விருது கிடைத்தது. பாரிஸில் அவரும், துளசிமதி முருகேசனும், மனிஷா ராமதாஸும், நித்யஸ்ரீயும் ஆகத் தமிழ்நாட்டவர் நால்வர் பதக்கம் வென்றனர். மாநில அரசு நித்யஸ்ரீக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது. அர்ஜுனா விருதும் அவரை வந்தடைந்தது.

ஆனால் ஓசூருக்குக் கிட்டிய வசதி, தளிக்கும் அஞ்செட்டிக்கும் ஜவளகிரிக்கும் தானாக வந்துவிடாது. பன்னர்கட்டா வனத்திலிருந்து யானைக் கூட்டம் இறங்கும் பருவத்தில், பொழுது சாய்ந்தபின் காட்டுப் பாதையில் பிள்ளையை அழைத்து வருவதற்கு எந்தத் தகப்பன் துணிவான்? மாலைப் பயிற்சி என்பது இந்தக் கிராமங்களுக்கு ஒத்துவராத ஏற்பாடு. ஆகையால் பள்ளி நேரத்துக்குள்ளேயே, தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென வாரத்தில் சில மணி நேரமாவது விளையாட்டுப் பயிற்சி நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வரவேண்டும். பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம்: முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பந்தயங்கள் உண்டு, வளர்ச்சி குன்றிய பிள்ளையென்று வீட்டோடு வைத்துவிடாமல், கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்திற்கு ஒருமுறை அழைத்துச் சென்று விசாரியுங்கள்.