பனிக்குள் உறங்கும் சிவப்பு உச்சிக் குருவி

குளிர்காலம் நெருங்கியதும் சைபீரியப் பகுதியின் வாத்தினங்கள் பல, மன்னார் வரையிலும் பறந்து வந்து விடுவதை நாம் அறிவோம். வடதுருவத்தை அண்டிய நிலங்களின் கடுங்குளிர் பெரும்பாலான பறவைகளைத் தெற்கே விரட்டி விடுகின்றது. ஆயினும், எமது உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு சிறு குருவி அந்தக் குளிரிலேயே தங்கிவிடுகின்றது. றெட்போல் என்பது அதன் பெயர்.

இதன் நீளம் சுமார் 13 சென்ரி மீற்றர்; நிறை ஏறத்தாழ 14 கிராம். கபில நிறக் கோடுகள் கொண்ட உடல், கூரிய மஞ்சள் அலகு, அலகின் கீழே சிறு கறுப்புத் திட்டு, நெற்றியில் குங்குமம் இட்டாற்போன்ற சிவப்பு. ஆண் பறவையின் மார்பிலும் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும்.

அலாஸ்கா, கனடா, கிறீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்கண்டினேவியா, சைபீரியா என வடபுலம் முழுவதிலும், பேர்ச், அல்டர், வில்லோ மரங்கள் வளரும் இடங்களில் இது வாழ்கின்றது. பேர்ச் மரத்தின் நுண்ணிய விதைகளே இதன் பிரதான உணவு. கிளை நுனியில் தலைகீழாகத் தொங்கியபடி விதைகளைக் கொத்தும். சில வேளைகளில் அவற்றைப் பனித்தரையில் உதிர்த்துவிட்டுப் பின்னர் இறங்கிப் பொறுக்கும்.

மாரியில் அங்கு பகல் மிகக் குறுகியது, இரவோ நீண்டது. இத்தனை சிறிய உடல் ஓர் இரவு பட்டினி கிடந்தாலும் விடியுமுன் விறைத்து விடும். இதற்கான ஏற்பாடு அதன் தொண்டையிலேயே உள்ளது. உணவுக்குழாயின் ஒரு பகுதி பைபோல விரிந்து கொடுக்கும். மாலையில் அதனை விதைகளால் நிரப்பிக்கொண்டு, மறைவிடத்தில் ஒதுங்கி, இரவு முழுவதும் சிறிது சிறிதாகச் சமிக்கச் செய்கின்றது. கடுங்குளிரில் பனிக்குள் சுரங்கம் குடைந்து அதனுள் உறங்குவதும் உண்டு. வெளியே வீசும் காற்றை விட பனியின் உட்புறம் கதகதப்பானது என்பது எம்மவருக்கு விந்தையாகத் தோன்றலாம். மறை 54 பாகை செல்சியஸ் குளிரையும் இப்பறவை தாங்கக்கூடியது.

குளிரை வெல்லும் இக்குருவியால் பஞ்சத்தை வெல்ல முடிவதில்லை. பேர்ச் மரங்கள் எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவில் விதை தருவதில்லை. விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகளில் பெருங்கூட்டங்களாகத் தெற்கே இறங்கி, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மத்திய ஐரோப்பாவிலும் தென்படுகின்றன. சென்ற இடத்துக்கே மீண்டும் செல்லும் வழக்கமும் இவற்றுக்கு இல்லை. பெல்ஜியத்தில் வளையமிடப்பட்ட ஒரு பறவை பின்னர் சீனாவில் அகப்பட்டது.

லினேயஸ் 1758 இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். பிற்காலத்தில், வெண்மை மிகுந்தவை, உருவில் சிறியவை என்று மூன்று இனங்களாகப் பிரித்தனர். 2021 இல் வெளியான மரபணு ஆய்வொன்று, இந்த நிற வேறுபாடுகள் ஒரு நிறமூர்த்தத்தில் தலைகீழாகத் திரும்பியுள்ள ஒரு பகுதியுடன் தொடர்புடையவை எனக் காட்டியது. 2024 இல் அமெரிக்கப் பறவையியல் சங்கம் மூன்றையும் ஒரே இனமாக்கியது. பல்லாண்டு காலம் பனியில் நின்று வேறுபாடு தேடிய பறவை அவதானிகள் சிலருக்குத் தமது பட்டியலில் ஒன்றிரண்டு பெயர்களை வெட்ட வேண்டியதாயிற்று. குருவிகளோ வழமைபோல ஒரே மரத்தில் கலந்தே மேய்கின்றன.