மலைமேல் நிற்கும் எழுத்துகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேலைக் கடற்கரையை ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் என்னும் பெருநகரம் உள்ளது. அதன் ஒரு பகுதியே திரைப்படத் தொழிலுக்குப் பெயர்போன ஹாலிவுட். அதன் வடபால் லீ மலை ஓங்கி நிற்கிறது. அம்மலையின் தென்சரிவில் 'ஹாலிவுட்' என்னும் பெயர் ஒன்பது ஆங்கில எழுத்துகளால் அமைந்து விளங்குகிறது. வெண்ணிறம் பூசப்பெற்ற அவ்வெழுத்துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 அடி உயரமுடையவை. பல கல் தொலைவிலிருந்தும் கண்ணுக்குப் புலனாவன. அவற்றை அருகிற்சென்று காணும் விருப்பத்தோடு பன்னாட்டு மக்களும் அந்நகருக்கு வருகின்றனர்.

இவ்வெழுத்துகள் கலையின் பொருட்டு எழுந்தவை அல்ல. வாணிகத்தின் பொருட்டு எழுந்தவை. மலையடியில் வீட்டுமனை விற்க முற்பட்ட செல்வர் சிலர், தம் குடியிருப்பின் பெயராகிய 'ஹாலிவுட்லேண்டு' என்பதை 1923-ஆம் ஆண்டில் பதின்மூன்று எழுத்துகளாக மலைமேல் நாட்டினர். இரவில் அவற்றில் ஏறத்தாழ 4,000 மின்விளக்குகள் ஒளிர்ந்தன. ஒன்றரை ஆண்டு நின்றால் போதும் என்பதே அவர்தம் எண்ணம். ஆயினும் அவ்விளம்பரம் அகற்றப்படாமலே நின்றது. 1949-இல் அதனைப் பழுதுபார்த்தபோது இறுதி நான்கு எழுத்துகள் நீக்கப்பட்டன. மனைக்குரிய பெயர் ஊருக்குரிய பெயராயிற்று. பழைய எழுத்துகள் சிதைந்து போனமையால், 1978-இல் ஒன்பதின்மர் ஈந்த பொருளைக்கொண்டு எஃகினால் புதியன நிறுவப்பட்டன.

எழுத்துகள் நிற்கும் மலைச்சரிவு இன்று கிரிபித் பூங்காவைச் சேர்ந்தது. கிரிபித் என்னும் செல்வர் 1896-இல் 3,015 ஏக்கர் நிலத்தை நகர மக்களுக்குக் கொடையாக அளித்தார். அக்கொடையே இப்பூங்காவின் தொடக்கம். ஆகவே மலை அனைவர்க்கும் பொது என்பதில் ஐயமில்லை. ஆனால், மலைக்குச் செல்லும் வழிகள் சில, மக்கள் வாழும் தெருக்களினூடே செல்கின்றன. சிக்கல் தோன்றும் இடம் இதுவே.

மலையடியிலுள்ள பீச்வுட் பள்ளத்தாக்கின் தெருக்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமைந்தவை, குறுகியவை, வளைந்து வளைந்து ஏறுபவை. அவற்றில் வந்தோர் ஊர்திகள் இருபுறமும் நின்றுவிட்டால், நோயாளியை ஏற்றும் வண்டியும் தீயணைப்பு வண்டியும் நுழைதல் அரிது. இது சிறு குறையன்று. அம்மலைகளில் கோடைக்காலத்தில் புதர்கள் உலர்ந்து நிற்கும். அணையாத புகைச்சுருள் ஒன்றே பெருந்தீக்கு வித்தாகலாம். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், மேற்கே சிறிது தொலைவிலுள்ள ரன்யன் பள்ளத்தாக்கில் தீ மூண்டபோது, அண்டைப் பகுதி மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. ஆதலின் குடியிருப்போர் கொள்ளும் அச்சம் வெற்றச்சம் அன்று.

வருவோர் பக்கத்தும் நியாயம் உண்டு. பூங்கா பொதுவுடைமை, தெருவும் பொதுத்தெரு. தெருவோரத்தில் வாழ்வோர் மலையைத் தமக்கே உரியதாக்கிக்கொள்ளுதல் முறையாகுமா என்பது அவர்தம் வினா. பீச்வுட் தெருவின் முடிவிலிருந்த குதிரைப் பண்ணையொன்று, மலையேறுவோர் கூட்டத்தால் தன் பழைய வழியுரிமைக்கு இடையூறு நேர்கிறதென நீதிமன்றம் சென்றது. வழக்கின் முடிவிற்குப் பின், 2017 ஏப்ரலில் அங்கிருந்த வாயில் மலையேறுவோர்க்கு மூடப்பட்டது. நடந்து பழகியவர்கள் அதனால் வருந்தினர்.

வாயிலை மூடினும் வேட்கை மூடப்படவில்லை. ஆதலின் நகரத்தார் வேறு வழிகளை ஆராய்ந்தனர். 2018-இல் வெளிவந்த ஆய்வறிக்கை, கம்பியில் செல்லும் தொங்கூர்தி உட்படப் பல திட்டங்களைக் கூறியது; தொங்கூர்தி கட்டப்படவில்லை. 1935-இல் திறக்கப்பெற்ற கிரிபித் வானாய்வு நிலையத்திலிருந்து எழுத்துகளை நன்கு காணலாம். அங்குச் செல்லப் பேருந்தும் உண்டு. நடக்க வல்லார் பூங்காவின் பாதைகளால் மலையுச்சியை அடைந்து, எழுத்துகளின் பின்புறத்தைக் காணலாம். எழுத்துகளைத் தொடுதல் மட்டும் எவர்க்கும் இயலாது. வேலியும் காவலும் உள்ளன.

'இங்கே வந்து குடியேறுங்கள்' என மக்களை அழைப்பதற்கே அவ்வெழுத்துகள் முதலில் எழுந்தன. அவ்வழைப்பை ஏற்றுக் குடியேறியோரின் தெருக்களே இன்று வருவோர் மிகுதியால் இடர்ப்படுகின்றன. காணும் உரிமை ஒருவர்க்கும், அமைதியாக வாழும் உரிமை மற்றொருவர்க்கும் உண்டு. ஒன்றை அழித்து மற்றொன்றைக் காத்தல் நீதியாகாது. அரசு நல்வழி வகுத்தல் வேண்டும். வருவோர் அவ்வழியே செல்லுதல் வேண்டும். பிறர் வாயிலின் முன்னே நிற்கும்போது, அது தம் வாயிலாயின் எவ்வாறிருக்கும் என எண்ணிப் பார்ப்பவரே நாகரிகம் உடையவர் ஆவர்.