கதை நூலும் ஓடியாடும் விளையாட்டும்: எல்லைப்புறச் சிறாரின் முதற்கல்வி

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே, உள்நாட்டில் காட்டாக்கடை அமைந்துள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எனினும் எல்லையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் இன்றும் கலந்தே வழங்கி வருகின்றன.

இப்பகுதியில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த குழந்தை மூன்று வயதில் அங்கன்வாடிக்குச் செல்கிறது. அங்கே அது கேட்பது பெரும்பாலும் மலையாளம். ஓரளவு புரிகிறது, ஓரளவு புரிவதில்லை. முழுவதும் புரியாத மொழியைவிடப் பாதி புரியும் மொழியே குழந்தையை அதிகமாகக் குழப்புகிறது. அது வாய் திறவாமல் இருந்துவிட்டால் மந்தமான குழந்தை என்று எளிதில் முத்திரை குத்தப்பட்டுவிடும். முதல் வகுப்பில் சேரும்போதும் அந்த முத்திரை உடன் செல்லும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர வேண்டும் என்று கூறுகிறது. ஆனால் குழந்தை சொற்களைச் சேர்க்கும் காலம் அதற்கும் முந்தியது. அந்தப் பருவத்தில் இலக்கணப் பாடமோ எழுத்துப் பயிற்சியோ உதவாது. கதை உதவும். கதையை உடலால் ஆடிக் காட்டும் விளையாட்டு அதைவிட மிகுதியாக உதவும்.

தூங்கினானா, தொங்கினானா?

தொப்பி விற்பவனும் குரங்குகளும் என்ற கதை யாவரும் அறிந்ததே. வணிகன் மரத்தடியில் தூங்குகிறான். குரங்குகள் தொப்பிகளை எடுத்துச் செல்கின்றன. அவன் தன் தொப்பியை எறிய, அவையும் எறிகின்றன. தமிழ்ப் புத்தகத்தில் “வணிகன் தூங்கினான்” என்று படித்தால், மலையாளம் பழகிய செவிக்கு அவன் மரத்தில் தொங்கினான் என்றே பொருள்படும். ‘தூங்குக’ என்பதற்கு மலையாளத்தில் தொங்குதல் என்பதே பொருள். துயிலுதலுக்கு அங்கு ‘உறங்குக’ என்பர். குமரி மாவட்டத் தமிழரும் உறங்குதல் என்றே சொல்லுவர். புத்தகம் ‘குதித்தது’ என்று எழுதும். அப்பகுதிக் குழந்தை அறிந்த சொல் ‘சாடியது’. ஓடு, நில், எறி ஆகியவையோ இரு மொழிக்கும் பொது.

இந்தச் சிக்கலை விளக்கவுரையால் தீர்க்க முயன்றால் குழந்தைகள் கவனம் இழப்பர். ஆசிரியை படுத்துக் கண்ணை மூடிக் காட்டினால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். பிறகு குழந்தைகளே படுக்கிறார்கள், மரமாக நிற்கிறார்கள், குரங்காகச் சாடுகிறார்கள். ‘தூங்கினான்’, ‘உறங்கினான்’ என்ற இரண்டு சொற்களும் ஒரே செயலுடன் இணைந்து மனத்தில் பதிகின்றன. தொப்பிக்குச் செலவில்லை. பலா இலைகளை ஈர்க்குச்சியால் கோத்துத் தொப்பி செய்வது அப்பகுதியின் பழைய விளையாட்டு. அந்தக் கைவேலையே விரல்களுக்கு நல்ல பயிற்சி.

சொல்லைச் செயலுடன் சேர்த்துக் கற்பிப்பதன் பயன் ஆய்விலும் வெளிப்பட்டது. அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் ஜப்பானிய, ரஷ்ய மொழிகளைக் கட்டளைகளின் வாயிலாகக் கற்பித்துப் பார்த்தார். கற்பவர் பேச வேண்டியதில்லை. கேட்டு அதன்படி எழுந்து, நடந்து, அமர்ந்தால் போதும். கேட்டலும் இயக்கமும் முன்னே வர, பேச்சு தானாகப் பின்வரும் என்பது அவர் முறையின் அடிப்படை. வாய் திறவாத எல்லைப்புறக் குழந்தைக்கு இது பெரிய ஆறுதல். அது பேசாமலே கதையில் பங்கு பெறலாம்.

நம் நாட்டு முன்னோடிகள்

இதற்கு வெளிநாட்டை மட்டும் நோக்க வேண்டியதில்லை. குஜராத்தின் பாவ்நகரில் 1920-ஆம் ஆண்டு பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, ‘பகற்கனவு’ என்று பொருள்படும் ‘திவாஸ்வப்னா’ என்ற நூலில், நான்காம் வகுப்பை ஏற்கும் ஓர் ஆசிரியரின் சோதனைகளைக் கதையாக எழுதினார். முதல் நாள் அவர் திட்டமிட்ட அமைதிப் பயிற்சி கூச்சலில் முடிகிறது. மறுநாள் கதை தொடங்கியதும் அதே வகுப்பு அடங்கி அமர்கிறது. கதையைத் தொடர்ந்து விளையாட்டு, வகுப்பு நூலகம், நாடகம் எல்லாம் வருகின்றன. கதைக்கு ஒரு வேளை, விளையாட்டுக்கு ஒரு வேளை என்று பிரித்து அட்டவணை எழுதுவோர் இந்நூலை ஒருமுறை படிப்பது நன்று.

கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்பவருடன் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்திலும், பின்னர் கோஸ்பாடிலும் ஏழைக் குழந்தைகளுக்காக உழைத்தார். குழந்தைகள் பள்ளிக்கு வராத இடங்களில் அவர்கள் வசிக்கும் முற்றத்திற்கே பள்ளி சென்றது. அங்கன்வாடி என்ற பெயரில் உள்ள ‘அங்கணம்’ முற்றத்தையே குறிக்கும். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களும் இப்பெயரையே ஏற்றன. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்த்தல் ஆகியவற்றின் நெருக்கடியில் முன்பருவக் கல்வி பின்தங்குவது இத்திட்டத்தின் பழைய குறை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் இயக்கத்தில் ஈடுபட வேண்டும். அதில் 60 நிமிடமாவது ஓட்டமும் துள்ளலுமாக இருக்க வேண்டும். அமர்ந்திருக்கும் வேளையில் பெரியவர்களுடன் படிப்பதையும் கதை கேட்பதையும் அதே வழிகாட்டுதல் ஊக்குவிக்கிறது. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட ‘ஜாதுயி பிடாரா’ என்ற கற்றல் பெட்டியில் கதைப் புத்தகங்களும் விளையாட்டுப் பொருள்களும் ஒன்றாகவே இடம் பெற்றுள்ளன. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டம் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர் கொண்டது. பாறசாலையில் தமிழ் பேசும் குழந்தைகள் உள்ள மையங்களுக்கு அந்நூல்கள் சில மைல் தூரம் பயணம் செய்தால் போதும். இரு மாநில அலுவலர்களும் கலந்து பேசினால் ஆகாத காரியமன்று.

நடைமுறை

புத்தகம் கிழிந்துவிடும் என்று அலமாரியில் பூட்டி வைப்பது பெரும் தவறு. கிழியாத புத்தகம் படிக்கப்படாத புத்தகமே. கேரளத்தில் இதற்கு நல்ல துணை உண்டு. 1945-இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டித் தொடங்கிய இயக்கத்தால் சிற்றூர்களிலும் நூலகங்கள் வேரூன்றின. அவை தமிழ், மலையாளம் இரண்டிலும் படக்கதை நூல்களை அங்கன்வாடிகளுக்கு மாதந்தோறும் மாற்றிக் கொடுக்கலாம்.

ஒரு கதையை ஒரு வாரம் வைத்துக்கொள்வது நலம். முதலில் படம் காட்டிப் படித்தல், அடுத்து ஆடுதல், மீண்டும் அதே புத்தகத்தைக் குழந்தைகளின் கையில் கொடுத்தல். இந்த மூன்றாம் படி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. தான் குரங்காகச் சாடிய பக்கத்தைக் குழந்தை தானே தேடிக் கண்டுபிடிப்பதுதான் வாசிப்பின் தொடக்கம். நீதி என்ன என்று கேட்டு அந்த இன்பத்தைக் கெடுக்க வேண்டாம். எல்லாக் கதையும் ஆடுவதற்கு உரியதன்று. தாலாட்டுப் போன்ற மெல்லிய கதைகளை மடியில் வைத்துப் படிப்பதே முறை. நடக்க இயலாத குழந்தை வணிகனாக மரத்தடியில் உறங்கலாம். கதையின் தலைவனே அவன்தான். இப்பகுதியில் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்வதால் ஆண்டில் பல நாள் முற்றம் பயன்படாது. அந்நாள்களில் விரல்களையே குரங்குகளாக்கிக் கொள்ளலாம்.

மேற்பார்வை செய்யும் அலுவலர், குழந்தை எத்தனை எழுத்து எழுதுகிறது என்று பார்ப்பதற்குப் பதிலாக, கதைச் சொல் ஒன்றை மறுநாள் தன் விளையாட்டில் எம்மொழியிலேனும் பயன்படுத்துகிறதா என்று கவனிக்கலாம். எடையும் வருகையும் குறிக்கும் பதிவேட்டில் இதற்கு இன்னும் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும்.