மருந்தும் மரபும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லைக்குச் சற்று முன்னே அமைந்திருப்பது சந்தாபுரா. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே தொழிற்பேட்டைகளுக்கு நடுவே உள்ள இவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பிழைப்பு நாடி ஊர் விட்டு வருங்கால் பெட்டியும் படுக்கையும் கொண்டுவருகிறோம். கண்ணுக்குப் புலனாகாத மற்றொன்றும் நம்முடன் வருகிறது. அது முன்னோர் அளித்த உடற்கூறு.

ஒரே மருந்து ஒருவரைக் குணப்படுத்துகிறது. மற்றொருவருக்குத் தீங்கு செய்கிறது. இது ஏன்? உட்கொண்ட மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேலையை உடலிலுள்ள நொதிகள் செய்கின்றன. அந்நொதிகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை மரபணுக்கள் வகுக்கின்றன. இத்தொடர்பை ஆராயும் துறைக்கு 1959-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஃபோகல் பெயர் சூட்டினார். இன்று அதனை மருந்து மரபணுவியல் என்கிறோம்.

நம் நாட்டு உதாரணம் ஒன்றைக் காண்போம். அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தச் சக்சினைல்கோலின் என்னும் மருந்தைச் செலுத்துவதுண்டு. அதன் வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதனைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கோ, தானாக மூச்சுவிடும் ஆற்றல் திரும்பப் பல மணி நேரம் ஆகக்கூடும். அதுவரை கருவியின் துணையால் சுவாசம் நடைபெற வேண்டும். ஆரிய வைசிய சமூகத்தாரில் சிலரிடம் இக்குறை காணப்படுகிறது. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக அறிஞர் பங்குகொண்ட ஆய்வு 2006-இல் விளக்கியது.

இவ்வாறே, ஒரு நொதி குறைந்தவர்களுக்கு மலேரியா மருந்தாகிய பிரைமாகுவின் இரத்த அணுக்களை அழிக்கக்கூடும் என்பது 1956-இலேயே தெளிவாயிற்று. வலிப்புக்குத் தரும் கார்பமசெப்பின், குறிப்பிட்ட மரபுக்கூறு உடைய ஆசிய மக்களுக்குக் கொடிய தோல் நோயை உண்டாக்கலாம் என்று அமெரிக்க அரசு 2007-இல் எச்சரித்தது.

அறிவு நூலில் இருந்தால் மட்டும் போதுமா? நோயாளியின் எதிரே நிற்பவர் அறிந்திருக்க வேண்டாமா? இத்துறையில் மருத்துவர்க்கும் மருந்தாளுநர்க்கும் ஆர்வம் மிகுதி, பயிற்சியோ குறைவு என்றே பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. எந்த மருந்துக்கு முன் எச்சரிக்கை வேண்டும், எந்தச் சோதனை தேவை, அதன் முடிவை எவ்வாறு படிப்பது என்பவற்றை மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகிய மூவரும் கற்றல் வேண்டும். பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த திட்டத்தில், 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதிகள் படிக்கப்பெற்று, 2025 ஜனவரியில் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. ஏடு ஆயத்தமாகிவிட்டது; அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பெருக வேண்டும்.

நம் கடமையும் ஒன்றுண்டு. சொந்த ஊரில், குடும்ப வைத்தியருக்கு நம் பாட்டனார் காலத்துச் சங்கதிகூடத் தெரிந்திருக்கும். சந்தாபுராவில் நம்மைப் பார்க்கும் டாக்டருக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே, நமக்கோ இரத்த உறவினர்க்கோ எந்த மருந்து ஒவ்வாமற் போயிற்று, மயக்க மருந்துக்குப்பின் மூச்சுத் திரும்பத் தாமதமாயிற்றா என்பவற்றை ஊரிலுள்ள பெரியோரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துவைப்போம். அச்சங்கொண்டு மருந்தை நாமாக நிறுத்தலாகாது. டாக்டர் கேளாவிடினும் அத்தாளை நாமே அவரிடம் காட்டுவோம். அந்த ஒரு தாள் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.