இரும்புக்கை மாயாவியும் நமது பிள்ளைகளும்

பாடப் புத்தகத்தினுள் படக்கதையை மறைத்து வைத்து வாசிக்கும் பிள்ளையைக் கண்டால், அதனைப் பறித்து அலுமாரியின் மேல் வைப்பதே நம்மில் அநேகரின் வழக்கம். வெள்ளவத்தை வீடுகளில் இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பறித்த புத்தகத்தை நாம் ஒரு முறையேனும் வாசித்தோமா? தமிழில் வீரதீரப் படக்கதைகளுக்கு வழி திறந்த ஓர் இதழைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. அதனை நிறுவியவர் சௌந்தரபாண்டியன். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. கதை தமிழகத்திற் பிறந்ததன்று. 1962 ஒக்டோபரில் இங்கிலாந்தில் ஆரம்பமான ‘வலியன்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் தொடராக வந்தது அது. தொடக்கத்தில் எழுதியவர் கென் புல்மர். சித்திரம் தீட்டியவர் ஸ்பானியரான ஜெசூஸ் பிளாஸ்கோ. கறுப்பு மையையும் நிழலையும் மாத்திரம் கொண்டு அவர் காட்டிய வேலைத்திறன் இன்றைய வர்ணப் பக்கங்கள் பலவற்றிற் காணக் கிடைப்பதில்லை.

கதாநாயகன் லூயிஸ் கிராண்டல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுகூட உதவியாளன். விபத்தொன்றில் வலக் கையை இழந்து உருக்குக் கை பூண்டவன். ஒருநாள் கடும் மின்சாரம் அவனுடலிற் பாய்கின்றது. உடல் மறைகின்றது, அந்தக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கின்றது! (மின்சாரத்தைத் தொட்டால் மறையலாகாது, மரணமே நேரும் என்பதைச் சிறுவர்களுக்குச் சொல்லி வைப்பது நலம்.)

இதன்பின் அவன் செய்வதுதான் பெற்றோரைத் திடுக்கிடச் செய்யும். ஊரைக் காக்கப் புறப்படாது, திருட்டிலும் அச்சுறுத்தலிலும் இறங்குகின்றான். பிற்காலக் கதைகளிலேதான் அவன் நல்வழிப்பட்டு, அரசாங்கத்தின் இரகசிய உளவாளியாகின்றான்.

1938இல் அமெரிக்காவில் வந்த ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ முதல் இதழை இதனருகே வைத்துப் பாருங்கள். ஜெரி சீகல், ஜோ சஸ்டர் என்னும் இரு இளைஞர் படைத்த சுப்பர்மான் அதிலேதான் தோன்றினான். குற்றமற்ற பெண்ணொருத்தியை மரண தண்டனையிலிருந்து மீட்கின்றான். மனைவியை அடிப்பவனைத் தண்டிக்கின்றான். முதற் பக்கத்திலிருந்தே அவன் உத்தமன். அவனைப் படைத்தவர்களோ வெறும் 130 டொலருக்கு உரிமையை விற்றுவிட்டுப் பின்னர் நெடுங்காலம் வழக்காடினர்!

இவ்விருவருள் பிள்ளைக்குத் தகுந்தவன் யார்? உத்தமனே என்று சட்டென விடை சொல்லத் தோன்றும். எமக்கோ மாயாவியே மேலெனப்படுகின்றது. தன்னை ஒருவரும் காணார் என்ற நிலை வந்தால் மனிதன் என்ன செய்வான் என்னும் கேள்வியை அக்கதை எழுப்புகின்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சிறிய கேள்வியன்று.

பெயரையும் கவனியுங்கள். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் ‘உருக்கு நகம்’ என்றாகும், எவர் வாங்குவார்? ‘மாயாவி’ என்றதும் வாலியுடன் பொருது குகைக்குள் ஓடிய இராமாயணத்து அசுரன் வரையில் நினைவு செல்கின்றது. வெளிநாட்டுக் கதை வீட்டுக் கதையாகிவிட்டது.

அந்நாளில் இலங்கையில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. 1977க்குப் பின்னரே அவை தளர்ந்தன. ஆகவே கைக்குக் கிடைத்த ஒரு பிரதியை அட்டை கிழியும்வரை பலர் மாறி மாறி வாசித்த காலம் அது. இன்று நிலைமை வேறு. காலி வீதியெங்கும் கடைகள் உள்ளன. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தயங்கும் பிள்ளைகளும் நம் வீடுகளில் உள்ளனர். பேச்சுக் குமிழியிலுள்ள நான்கு சொற்களை வாசித்தாலன்றி அடுத்த படம் விளங்காது என்னும்போது, அத்தகைய பிள்ளையும் வாசித்தே தீரும். ஆங்கிலவழி மாணவர் உள்ள வீட்டில் இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், அருகில் இருங்கள். உடல் முழுவதும் மறைய அந்தக் கை மட்டும் ஏன் மறையவில்லை என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். சட்டையும் சப்பாத்தும் மாத்திரம் எப்படி மறைந்தன என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.